இரண்டு வருட ஃபிட்டரா, மூன்று மாதச் சான்றிதழா? அரசுப் பணம் எந்தப் பக்கம் போகிறது?

#1 பொன்மலைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். இன்ஜினீயரிங் வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான், எனக்கும் அதில் வருத்தம் இல்லை. சின்ன வயதிலிருந்து வீட்டில் ஓடாத மிக்ஸி, ஃபேன் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டவன். அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் சேர்த்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

போன வாரம் எங்கள் தெருவுக்கு ஒரு பயிற்சி மையத்து ஆள் நோட்டீஸோடு வந்தார். மூன்று மாதம், முழுக்க இலவசம், மத்திய அரசுச் சான்றிதழ், நிலை 4. "ஐ.டி.ஐ. ஃபிட்டரும் நிலை 4தான் சார், எதற்கு இரண்டு வருடம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டம்மா இப்போது அவர் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

இரண்டு கேள்விகள். நிஜமாகவே இரண்டும் ஒன்றா? ஒன்று இல்லையென்றால் அரசு ஏன் இரண்டுக்கும் பணம் கட்டுகிறது? தெருவுக்குத் தெரு இலவச மையம் திறக்கப் பணம் இருக்கிறது, பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யில் பழைய மெஷினை மாற்றப் பணம் இல்லை என்கிறார்கள். அந்தக் கணக்குதான் புரியவில்லை.

#2 பழைய வொர்க்‌ஷாப்

பொன்மலை சார், நான் 31 வருடம் அரசு ஐ.டி.ஐ.யில் இருந்துவிட்டு வந்தவன். கடைசியில் உதவிப் பயிற்சி அலுவலர். உங்கள் இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் எடுக்கவேண்டும். அது புரிந்தால் முதல் கேள்விக்கு விடை தானாக வரும்.

ஐ.டி.ஐ. என்ற ஏற்பாடு 1950-ல் மத்திய அரசு தொடங்கியது. 1956-ல் அன்றாட நிர்வாகத்தை மாநிலங்களிடம் கொடுத்தார்கள். 1969 ஏப்ரலில் நிதிப் பொறுப்பையும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் மூன்றும் டெல்லியிலேயே இருந்துவிட்டன. அதாவது சம்பளம், கரண்டு பில், கட்டடம், பிள்ளைகள் அறுத்துப் பழகும் எம்.எஸ். பிளாட் (இரும்புப் பட்டை), ஹாக்ஸா பிளேடு எல்லாம் மாநிலத்தின் தலையில். சான்றிதழில் யார் பெயர் இருக்கும் என்பது மத்திய அரசின் கையில். சமையல் ஒரு வீட்டில், பரிமாறுவது இன்னொரு வீட்டில்.

இந்தப் பிரிவினை ஐம்பது வருடமாக எப்படியோ ஓடியது. டெல்லியிலிருந்து புதுப் பணம் வரவேண்டும் என்றால் அது ஏதாவது ஒரு திட்டத்தின் பெயரில்தான் வரும். வழக்கமான செலவுக்கு வராது. வாத்தியார் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்ப எந்தத் திட்டத்திலும் காசு இருக்காது.

அப்புறம் 2008-ல் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம், 2013-ல் தகுதிக் கட்டமைப்பு (எல்லாப் பயிற்சிக்கும் நிலை எண் போடும் ஏற்பாடு), 2014-ல் தனி அமைச்சகம், 2015-ல் பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனா (இலவசக் குறுகிய காலப் பயிற்சித் திட்டம்). ஐ.டி.ஐ.க்களும் 2015-ல் தொழிலாளர் அமைச்சகத்திலிருந்து புது அமைச்சகத்துக்குப் போயின. அந்த ஏழெட்டு வருடத்தில் பணம் போகிற வாய்க்காலே மாறிவிட்டது. விவரம் பிறகு எழுதுகிறேன், பேரன் அழுகிறான்.

#3 சென்டர் நடத்துபவன்

தெருவில் நோட்டீஸ் கொடுத்த ஆள் நானில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தத் தொழிலில் ஆறு வருடம் இருந்தேன், அதனால் மறுபக்கத்தையும் கேளுங்கள்.

எங்களுக்குப் பணம் எப்படி வரும் தெரியுமா? 2015 ஜூலையில் பொது நெறிமுறை என்று ஒன்று வந்தது. கடினமான தொழில்களுக்கு ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 38 ரூபாய் 50 காசு. அடுத்த வகைக்கு 33, அதற்கும் கீழே 27.50. பிறகு கொஞ்சம் கூட்டினார்கள். முதல் வகையிலேயே கணக்குப் போடுங்கள்: 300 மணி நேரம், 30 பேர் என்றால் மொத்தம் 3,46,500 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது கைக்கு வருவது மூன்று தவணையில். வகுப்பு தொடங்கியதும் 30 விழுக்காடு, அதாவது 1,03,950. தேர்வில் பாஸாகிச் சான்றிதழ் வாங்கியதும் 50 விழுக்காடு. கடைசி 20 விழுக்காடு, 69,300 ரூபாய், பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது என்று காட்டினால்தான்.

இடத்து வாடகை, பயிற்றுநர் சம்பளம், கைரேகை மெஷின், கேமரா எல்லாம் மாதா மாதம் நம் பாக்கெட்டிலிருந்து. தவணை எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். இந்தக் கணக்கில் யாராவது லேத் வாங்கிப் போடுவார்களா? தையல் மெஷின் பத்து, கம்ப்யூட்டர் பதினைந்து, ரீடெயில் சேல்ஸ், பியூட்டி பார்லர். இவைதான் கட்டுப்படியாகும். எந்தத் தொழிலுக்கு ஆள் தேவை என்று யாரும் பார்ப்பதில்லை, 38 ரூபாய்க்குள் எது அடங்கும் என்றுதான் பார்ப்போம். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

#4 பொன்மலைக்காரன்

வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. அப்படியானால் அந்த "நிலை 4"?

#5 சாந்துச் சட்டி

இந்தச் சான்றிதழ்கள் எப்படிக் கிடைக்கின்றன என்று நான் சொல்கிறேன். என் தாய்மாமா 22 வருடம் கொத்தனார். சில வருடம் முன்பு சைட்டுக்கு ஒரு குழு வந்தது. ஏற்கெனவே தெரிந்த வேலைக்கே சான்றிதழ் தருகிறோம் என்றார்கள். ஓரிரு நாள் உட்கார வைத்து ஹெல்மெட், பாதுகாப்பு என்று பேசினார்கள், நாலு கேள்வி, ஒரு குரூப் போட்டோ. டி-ஷர்ட் கொடுத்தார்கள். 500 ரூபாய் வங்கியில் விழும் என்றார்கள், அது விழவே இல்லை. சான்றிதழ் மட்டும் வந்தது.

மாமா அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். மேஸ்திரி கூலி ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஆனால் டெல்லிக் கணக்கில் அவரும் "பயிற்சி பெற்றவர்" ஒருவர்தானே? அவருக்குப் பயிற்சி கொடுத்தது என் தாத்தா.

#6 பழைய வொர்க்‌ஷாப்

சாந்துச் சட்டி தம்பி, உங்கள் மாமாவுக்கு என் வணக்கம். அந்த ஏற்பாட்டின் நோக்கம் தப்பு இல்லை. படிக்காமல் கைவேலை கற்றவனுக்கு ஒரு காகிதம் வேண்டும்தான். ஆனால் இலக்கை எண்ணிக்கையில் வைத்தால் சீக்கிரம் எண்ணக்கூடியதுதான் அதிகம் நடக்கும்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். 2013 டிசம்பர் 27-ல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பை அறிவித்தார்கள். அறிவித்தது எந்த அமைச்சகம்? கல்வியும் இல்லை, தொழிலாளரும் இல்லை. நிதி அமைச்சகம்! அன்றைக்கே எனக்கு அது உறுத்தியது. அதில் ஒரு வரி இருந்தது: மூன்று வருடம் கழித்து, அதாவது 2016 டிசம்பர் 27-க்குப் பிறகு, இந்தக் கட்டமைப்புக்குள் வராத எந்தப் பயிற்சிக்கும் அரசுப் பணம் கிடையாது.

படிக்க நியாயமாகத்தான் இருக்கும். கண்ட கண்ட சான்றிதழுக்கெல்லாம் ஏன் பணம் கொடுக்கவேண்டும்? ஆனால் விளைவைப் பாருங்கள். பணம் வேண்டுமென்றால் எண் வேண்டும். எண் வாங்க எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு தொழில்துறைக்கும் உள்ள திறன் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வேலைப் பெயர்களை எழுதி அவற்றுக்கு நிலை போட்டன. நிலை என்பது என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது, எத்தனை நாள் உட்கார்ந்து கற்றான் என்பதைச் சொல்லாது. அதனால் முந்நூறு சொச்சம் மணி நேரத் தையல் படிப்புக்கும் நிலை 4 கிடைத்தது. எங்கள் ஃபிட்டர் 2017 பாடத்திட்டத்தில் நிலை 5-ல் இருந்தது, 2022-ல் 4 ஆகிவிட்டது. பிள்ளைகள் அதே இரண்டு வருடம்தான் அரம் தேய்க்கிறார்கள். மொத்தம் பத்து நிலை என்று இருந்ததை 2023-ல் எட்டு ஆக்கி, நடுவில் இரண்டரை, மூன்றரை, நாலரை என்று அரை நிலைகளையும் செருகினார்கள். நம்மூர் டவுன் பஸ் டிக்கெட் மாதிரி.

பொன்மலை சார், உங்கள் தெருவுக்கு வந்தவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன எண் உண்மை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்தக் கதவு திறக்கும் என்பதைத்தான் சொல்லவில்லை. ரயில்வே அசிஸ்டென்ட் லோகோ பைலட் அறிவிப்பு, டெக்னீஷியன் கிரேடு 3 அறிவிப்பு இரண்டையும் எடுத்துப் படியுங்கள். பத்தாவதோடு ஐ.டி.ஐ. முடித்ததற்குத் தேசிய அல்லது மாநிலத் தொழிற்பயிற்சிக் கவுன்சில் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் அப்ரண்டிஸ் (நிறுவனத்திலேயே வேலை பழகும் பயிற்சி) முடித்திருக்க வேண்டும். மூன்று மாத நிலை 4-க்கு அங்கே இடம் இல்லை. பணம் கொடுக்கும் அரசு இரண்டையும் சமம் என்கிறது, வேலை கொடுக்கும் அரசு சமம் இல்லை என்கிறது. ரயில்வே ஒர்க்ஷாப் இருக்கும் பொன்மலையில் இருந்துகொண்டு இதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதே இல்லை.

#7 பொன்மலைக்காரன்

சார், என் அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில்தான் இருந்தார். வீட்டம்மாவிடம் இந்த ஒரு பத்தியை மட்டும் படித்துக் காட்டினேன். "அப்ப சரி" என்றாள். பாதி வேலை முடிந்தது.

#8 ஈஸ்ட்ஹாம் அக்கா

லண்டனிலிருந்து எழுதுகிறேன். கதை கேட்கக் கேட்க எங்கள் வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறது, அதனால் நடுவில் புகுந்துவிட்டேன்.

இங்கே 16 வயதுக்குப் பிறகு பிள்ளைகள் ஏ லெவல் (நம்மூர் பிளஸ் டூ மாதிரி) எடுப்பார்கள், அல்லது பி.டெக். (நம்மூர் பி.டெக். இல்லை. இது பள்ளிக்கும் பட்டத்துக்கும் நடுவில் இருக்கும் தொழிற்கல்வித் தகுதி.) 2020 செப்டம்பரில் டி லெவல் என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். மூன்று ஏ லெவலுக்குச் சமம், 315 மணி நேரம் ஒரு நிறுவனத்தில் போய் வேலை பார்க்கவேண்டும். யோசனை நல்லது. பிரச்சினை அடுத்ததில் வந்தது. டி லெவலோடு ஒத்துப்போகும் பி.டெக். படிப்புகளுக்குப் பொது நிதியை நிறுத்தப்போவதாக 2021-ல் சொன்னார்கள். தடை ஒன்றும் இல்லை, நடத்திக்கொள்ளலாம், ஆனால் அரசு காசு தராது. காசு இல்லாத படிப்பை எந்தக் கல்லூரி நடத்தும்?

என் பெரியவன் அப்போது பி.டெக். இன்ஜினீயரிங் போகலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். கல்லூரிக்காரர்களுக்கே அடுத்த வருடம் என்ன இருக்கும் என்று தெரியவில்லை. கல்லூரியைப் பார்க்கப் பெற்றோரை அழைக்கும் நாளில், கேட்டதற்கு ஒரு ஆசிரியர் தோளைக் குலுக்கிவிட்டு நடந்தார். 315 மணி நேரம் பிள்ளையை வைத்துக்கொள்ள எல்லா ஊரிலும் நிறுவனங்கள் இருக்கவேண்டாமா? கல்லூரிகள் சேர்ந்து போராடின. 2024 ஜூலையில் ஆட்சி மாறியதும் நிறுத்தி வைத்து ஆராய்ந்தார்கள். அந்த டிசம்பரில், கை வைக்கப்போன 200 சொச்சத்தில் 157 படிப்புகளுக்குத் தற்காலிகமாக உயிர் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் வெள்ளை அறிக்கை போட்டு இப்போது பி.டெக். மாதிரிப் படிப்புகளுக்குப் பதிலாக வி லெவல் வருகிறது என்கிறார்கள். என் சின்னவன் அதில் மாட்டுவான்.

பெரியவர்களுக்கு இன்னும் மோசம். 24 வயது தாண்டி இந்த நிலையில் படிக்க 2013 முதல் கடன்தான். என்னோடு வேலை பார்க்கும் பெண் நர்சரி வேலைக்குப் படிக்க ஆசைப்பட்டவள், கடன் என்றதும் விட்டுவிட்டாள். 2021-க்குப் பிறகு சில படிப்புகளை மறுபடி இலவசமாக்கினார்கள், அதற்குள் அவளுக்கு இரண்டு குழந்தை. உங்கள் ஊரில் எண் வாங்காவிட்டால் காசு இல்லை, எங்கள் ஊரில் பட்டியலில் இல்லாவிட்டால் காசு இல்லை.

#9 ஓரகடம் ஷிஃப்ட்

அக்கா சொன்ன அந்த 315 மணி நேர விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன். நான் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் பக்கம். ஆள் எடுக்கும்போது என்ன பார்ப்போம் என்று கேட்டால், ஐ.டி.ஐ. முடித்து ஒரு வருடம் அப்ரண்டிஸ் முடித்த பையனைத்தான் முதலில் கூப்பிடுவோம். வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நிலை எத்தனை என்று இதுவரை யாரிடமும் நான் கேட்டதில்லை.

அப்ரண்டிஸுக்கும் அரசுப் பணம் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் வந்த திட்டத்தில், பையனுக்கு நிறுவனம் கொடுக்கும் உதவித்தொகையில் கால்பங்கு, மாதம் அதிகபட்சம் 1,500 ரூபாய் அரசு தரும். முதலில் நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், 2023 முதல் நேரடியாகப் பையன் கணக்குக்குப் போகிறது. சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம் இரண்டரை முதல் பதினைந்து விழுக்காடு வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆகவேண்டும்.

என் கருத்து: இருக்கிற பணத்தில் உருப்படியாகப் போவது இதுதான். கற்கும் இடத்தில் மெஷின் ஏற்கெனவே இருக்கிறது, அரசு லேத் வாங்கவேண்டியதில்லை. ஆனால் ஒன்றையும் ஒத்துக்கொள்ளவேண்டும். எல்லா இடத்திலும் கற்றுக்கொடுப்பதில்லை. வருடம் முழுக்க ஒரே பிரஸ் மெஷினில் நிற்க வைத்துவிட்டு, முடிந்ததும் அடுத்த பேட்ச் எடுக்கும் இடங்களும் உண்டு. குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தது போலாகிவிடும். அங்கேயும் அரசின் 1,500 போகிறது.

#10 சென்டர் நடத்துபவன்

ஓரகடம் சார், எல்லோரையும் உங்கள் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்த முடியாதே. பத்தாவது ஃபெயில் ஆகி மூன்று வருடம் வீட்டில் இருந்த பெண் ஐ.டி.ஐ.க்கு இரண்டு வருடம் போகமாட்டாள். அவள் மாமியார் விடமாட்டார். மூன்று மாதம் என்றால் விடுவார். என் சென்டரில் தையல் முடித்து இன்றைக்கும் திருப்பூர் பக்கம் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள், தீபாவளிக்கு மெசேஜ் போடுவார்கள். அவர்களுக்குச் செலவழித்த பணம் வீண் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

#11 ஓரகடம் ஷிஃப்ட்

வீண் என்று சொல்லவில்லை அண்ணா. ஆனால் அந்தக் கௌசல் விகாஸ் யோஜனாவில் 2016 முதல் 2020 வரை ஒரு கோடிப் பேருக்கு 12,000 கோடி ரூபாய் என்று திட்டம் போட்டார்கள். தலைக்கு 12,000. அதற்குள் எத்தனை பேர் உங்கள் திருப்பூர் பெண்கள், எத்தனை பேர் குரூப் போட்டோவில் மட்டும் இருந்தவர்கள் என்று யாராவது எண்ணினார்களா? 2025 டிசம்பரில் அதைப் பற்றி சி.ஏ.ஜி. (மத்தியத் தணிக்கைத் துறை) அறிக்கை வந்ததே. 95 லட்சம் பேர் பட்டியலில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு வங்கிக் கணக்கு எண் இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யம், அல்லது வெற்றிடம். சாந்துச் சட்டி நண்பரின் மாமாவுக்கு 500 ரூபாய் ஏன் வரவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

#12 சென்டர் நடத்துபவன்

அதைப் படித்தேன். பதில் இல்லை. அந்தக் கடைசி 20 விழுக்காட்டுக்காக வேலைக் கடிதம் எப்படியெல்லாம் தயாராகும் என்பதைப் பார்த்துத்தான் நான் சென்டரை மூடினேன். இப்போது ஏ.சி. சர்வீஸ் செய்கிறேன்.

#13 வெல்டிங் ராட்

நான் இப்போது அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிக்கிறேன், ஒரு வருடப் படிப்பு. எங்கள் பேட்ச்சில் இரண்டே இரண்டு பெண்கள். இந்த இழையில் எல்லோரும் நிறுவனத்துக்குப் போகும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் கைக்கு வரும் பணத்தைச் சொல்கிறேன்.

கட்டணம் இல்லை. மாதம் 750 உதவித்தொகை. நான் ஆறாவது முதல் அரசுப் பள்ளி, அதனால் மாநில அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000. பஸ் பாஸ் இலவசம். சீருடை, ஷூ, புத்தகம் கொடுத்தார்கள். மாதம் 1,750 என்பது பெரிய பணமில்லைதான். ஆனால் அது இல்லையென்றால் நான் ஜவுளிக்கடைக்குப் போயிருப்பேன், அங்கே சேர எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். 1,000 ரூபாய் திட்டம் 2022-ல் வந்தபோது பட்டம், டிப்ளமாவோடு ஐ.டி.ஐ.யையும் சேர்த்தார்கள். சேர்க்காமல் விட்டிருந்தால் அப்பா என்னை ஆர்ட்ஸ் காலேஜில்தான் போட்டிருப்பார்.

பொன்மலை அங்கிள், உங்கள் மகன் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அவனுக்கும் 1,000 வரும். 2024 ஆகஸ்டில் தொடங்கியது. மூன்று மாதச் சான்றிதழுக்கு அது கிடையாது.

எங்கள் ஐ.டி.ஐ. அந்த 71-ல் ஒன்று. மாநில அரசு டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 2,877 கோடியில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்தினார்களே, அது. புதுக் கட்டடம், ரோபோ எல்லாம் இருக்கிறது. எங்கள் வெல்டிங் ஷெட் மட்டும் பழைய ஷெட்தான், ஆனால் வாத்தியார் நல்லவர். ராடு தீர்ந்தால் எங்கிருந்தாவது கொண்டுவந்துவிடுவார்.

#14 பழைய வொர்க்‌ஷாப்

அம்மா, உன் பதிவைப் படித்து மனம் நிறைந்தது. ராடு தீர்ந்தால் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும், நானும் கொண்டுவந்திருக்கிறேன். அதைப் பொதுவெளியில் எழுதவேண்டாம்!

#15 மூன்றாம் சக்கரம்

எல்லாவற்றுக்கும் காரணம் மத்திய அரசுதான். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக 2024-25-க்குப் பள்ளிக்கு வரவேண்டிய 2,152 கோடியை நிறுத்தினார்களே. அதே பிடி நாளைக்கு ஐ.டி.ஐ.க்கும் வராது என்று என்ன நிச்சயம்?

#16 நாலு டயர்

மாநில அரசு பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டிருந்தால் வந்திருக்கும். பணமும் வேண்டும், நிபந்தனையும் கூடாது என்றால்?

#17 மூன்றாம் சக்கரம்

நம் வரிப்பணம் நமக்கு வர நிபந்தனையா? உங்கள் கட்சி ஆபீஸில் போய்க் கேளுங்கள்.

#18 நிர்வாகி

இருவரும் நிறுத்துங்கள். இதற்கு மேலே தனி இழை இருக்கிறது, 400 பதிவுகளோடு. அங்கே அடித்துக்கொள்ளுங்கள். இங்கே தொழிற்பயிற்சி நிதி மட்டும்.

#19 பழைய வொர்க்‌ஷாப்

நிர்வாகி சொன்னதை மதித்து, கட்சி பேசாமல் மூன்றாம் சக்கரத்தின் கேள்விக்கு மட்டும் பதில். ஐ.டி.ஐ.க்கும் நிபந்தனைப் பணம் வந்திருக்கிறது, இப்போது பெரிதாகவே வருகிறது. பி.எம். சேது என்கிற ஐ.டி.ஐ. மேம்பாட்டுத் திட்டம். 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது, அக்டோபர் 4-ல் தொடங்கினார்கள். 60,000 கோடி, ஐந்து வருடம், 1,000 அரசு ஐ.டி.ஐ. இதில் மத்திய அரசு 30,000, மாநிலங்கள் 20,000, தொழில்துறை 10,000. மத்திய அரசின் பங்கிலேயே பாதி உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் தரும் கடன். 200 ஐ.டி.ஐ. மையமாகவும், ஒவ்வொன்றையும் சுற்றி நான்கு கிளையாகவும் இருக்கும். கிண்டியில் உள்ள தேசியப் பயிற்சி நிறுவனமும் தேசிய சிறப்பு மையங்கள் ஐந்தில் ஒன்று.

மூன்று மாதச் சான்றிதழின் பின்னால் பத்து வருடம் ஓடிய பிறகு பழைய ஐ.டி.ஐ. ஷெட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். எனக்கு மகிழ்ச்சிதான், மறுக்கமாட்டேன். ஆனால் ஒரு பழைய ஞாபகம் வந்து இடிக்கிறது.

2007-08-லும் இப்படித்தான் 1,396 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தனியாரோடு சேர்த்து மேம்படுத்தப்போகிறோம் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டரைக் கோடி வரை. மானியம் இல்லை, வட்டியில்லாக் கடன். பத்து வருடம் கழித்துத் திருப்பத் தொடங்கி இருபது வருடத்தில் கட்டி முடிக்கவேண்டும். ஒரு தொழிலதிபர் தலைவராக ஒரு மேலாண்மைக் குழு. நான் இருந்த இடத்திலும் வந்தது. தலைவர் நல்ல மனிதர், வேலை அதிகம் உள்ளவர். வருடத்துக்கு இரண்டு கூட்டத்துக்கு வந்தால் பெரிது. அவர் வந்து கையெழுத்து போட்டால்தான் செலவு செய்யலாம். முதல்வருக்கோ கடனாயிற்றே என்று பயம், நாளைக்கு நான் பதில் சொல்லவேண்டுமே என்று. பெரும்பகுதிப் பணம் வங்கியில் வைப்புநிதியாகக் கிடந்து வட்டி குட்டி போட்டது. டர்னர் செக்‌ஷனில் நாங்கள் பெல்ட் அறுந்த லேத்தைச் சணல் கட்டி ஓட்டினோம். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டும் நடந்தது.

பணம் இல்லாததால் லேத் ஓடாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பணம் இருந்தும் ஓடாததை அப்போதுதான் பார்த்தேன். சேது திட்டத்திலும் தொழில்துறை தலைமையில் தனி நிறுவனம் அமைத்து நடத்துவார்களாம். புது மெஷின் வரும், அதில் சந்தேகமில்லை. அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நிற்க நிரந்தர வாத்தியார் வேண்டும், அவர் சம்பளம் மாநிலக் கணக்கு. ஐந்து வருடம் முடிந்தபிறகு மெஷினுக்கு ஸ்பேர் வாங்குவதும் மாநிலக் கணக்கு. 1969-ல் பிரித்த கோடு அப்படியே இருக்கிறது.

#20 ஈஸ்ட்ஹாம் அக்கா

ஐயா, அந்தச் சணல் விஷயம் நிஜமா?

#21 பழைய வொர்க்‌ஷாப்

நிஜம். மூன்று மாதம் ஓடியது. புது பெல்ட் கேட்டு நான் எழுதிக் கொடுத்த இண்டென்ட் இன்னும் ஏதோ ஒரு ஃபைலில் இருக்கும்.

#22 ஓரகடம் ஷிஃப்ட்

மணிக்கணக்கில் கொடுத்தால் மணி ஓடும், தலைக்கணக்கில் கொடுத்தால் தலை சேரும். வாத்தியார் கணக்கில் ஒரு திட்டம் வரட்டும் பார்ப்போம், நானே வேலையை விட்டுவிட்டு வருகிறேன் கற்றுக்கொடுக்க. (சம்பளம் கேட்டுவிட்டு.)

#23 பொன்மலைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மகனை அழைத்துக்கொண்டு ஐ.டி.ஐ.க்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய வொர்க்‌ஷாப் சார் தனிச்செய்தியில் சொன்ன மாதிரியே, அலுவலகத்தில் கேட்காமல் நேராக ஷெட்டுக்குப் போய், எத்தனை லேத், அதில் ஓடுவது எத்தனை, ஃபிட்டருக்கு நிரந்தர வாத்தியாரா, தற்காலிகமா என்று கேட்டேன். ஏழு லேத், ஐந்து ஓடுகிறது. வாத்தியார் நிரந்தரம், ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. அதுவரை நம் பையன் வெளியே வந்துவிடுவான்.

அவர் மகனிடம் ஒரு அரத்தைக் கொடுத்து வைஸில் இருந்த துண்டைத் தேய்க்கச் சொன்னார். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "காலை அகட்டி நில்லு, முழங்கை ஆடுது" என்றார். மகன் திரும்பி வரும்போது பஸ்ஸில் முழங்கையை நேராக வைத்துக்கொண்டே வந்தான். விண்ணப்பம் ஆன்லைனில் போட்டுவிட்டோம், 50 ரூபாய். முடித்ததும் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம் என்றும் சொன்னார்கள். அது அப்போது பார்க்கலாம்.

கலந்தாய்வுக்கு மாற்றுச் சான்றிதழ் அசலே கொண்டுபோகவேண்டுமா, நகல் போதுமா?

#24 வெல்டிங் ராட்

அசல்தான் அங்கிள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எல்லாம் எடுத்துப் போங்கள். எல்லாவற்றிலும் மூன்று செட் ஜெராக்ஸ், அங்கே பக்கத்தில் ஜெராக்ஸ் கடை இருக்காது. அப்புறம் வகுப்பு தொடங்கும் நாளில் செருப்பு போட்டு அனுப்பாதீர்கள். அரசு ஷூ வர ஒன்றிரண்டு மாதம் ஆகும், அதுவரை ஏதாவது பழைய ஷூ. செருப்போடு போனால் ஷெட் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.